பழுதான ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வீட்டிலேயே தரவு மீட்பு: டிடிரெஸ்கியூ மென்பொருள் பற்றி ஒரு மதிப்பீடு

காரைக்குடியில் உள்ள எங்கள் பூர்வீக வீடு பதினோரு புள்ளிகளுக்கு, அதாவது பதினோரு குடும்பங்களுக்கு, பொதுவானது. அந்த வீட்டின் பாகப்பத்திரங்கள், மூன்று தலைமுறைத் திருமணங்களின் பதிவுப் பத்திரங்களான இசைகுடிமானங்கள், பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடந்த காலத்துப் பேரேடுகளில் எஞ்சிய பக்கங்கள், ஐயாவின் மணிவிழாப் படங்கள் ஆகிய எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள சிறிய வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வைத்திருந்தோம். கடந்த சித்திரையில் அதைக் கணினியில் செருகியபோது, டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்டது. அதே மாதத்தில், பங்காளி வீட்டு அண்ணன் ஒருவர் தமது மூன்று டெராபைட் மேசை டிஸ்க்கில், அதற்குரிய 12 வோல்ட் அடாப்டர் என்று நினைத்து லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகிவிட்டு, அசைவற்றுப்போன அந்தப் பெட்டியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டையும் வீட்டிலேயே வைத்து மீட்க முயன்றேன். அந்த முயற்சியில் மையக் கருவியாக இருந்த டிடிரெஸ்கியூ என்னும் மென்பொருளைப் பற்றியதே இந்த மதிப்பீடு. அதோடு சேர்த்து வாங்க வேண்டியிருந்த சில்லறைப் பொருள்களைப் பற்றியும் இடையிடையே சொல்கிறேன்.

டிடிரெஸ்கியூ, குனு திட்டத்தைச் சேர்ந்த இலவச மென்பொருள். அந்தோனியோ தியாஸ் தியாஸ் என்பவர் 2004 முதல் இதை எழுதிப் பராமரித்து வருகிறார். ஏறக்குறைய இதே பெயரில், கூர்ட் கார்லாஃப் என்பவர் எழுதிய வேறொரு மென்பொருளும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர். டெபியனிலும் உபுண்டுவிலும் நமக்கு வேண்டியதை ஜிடிடிரெஸ்கியூ என்ற பெயரில் தேடி நிறுவ வேண்டும். ஒரு பென்டிரைவில் சிஸ்டம்ரெஸ்கியூ என்னும் லினக்ஸை ஏற்றிக் கணினியை அதிலிருந்து தொடங்கினால், நிறுவும் வேலையும் இல்லை. டிடிரெஸ்கியூ அதிலேயே இருக்கிறது. இதற்கு அழகிய சாளரமோ பொத்தான்களோ கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். அதைக் கண்டு மிரண்டு, பளபளப்பான விண்டோஸ் மென்பொருள்களின் பக்கம் போய்விடுகிறவர்கள்தாம் பெரும்பாலோர். நானும் முதலில் அப்படித்தான் போனேன்.

அந்த முதல் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் டிஸ்க்கைக் கொடுத்தேன். அவர்கள் கட்டண மீட்பு மென்பொருள் ஒன்றை நேரடியாகப் பழுதான டிஸ்க்கின்மீதே ஓடவிட்டு, இரவு முழுவதும் அப்படியே வைத்திருந்தார்கள். காலையில் போனபோது நான்கு சதவீதம் முடிந்திருந்தது. டிஸ்க் தொட முடியாத அளவுக்குச் சூடாக இருந்தது. "மூடியைத் திறந்து பார்த்துவிடலாம் சார்" என்றார்கள். நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். தவறு அவர்கள் கையாண்ட முறையில் இருந்தது. அத்தகைய மென்பொருள் ஒரு பேட் செக்டரை, அதாவது டிஸ்க்கில் படிக்க முடியாமல் பழுதான ஒரு சிறு துண்டை, எதிர்கொண்டால் அதையே மீண்டும் மீண்டும் படிக்க முயன்று அங்கேயே நின்றுவிடும். சாகக் கிடக்கும் டிஸ்க்கில், சுழலும் தட்டிலிருந்து தரவைப் படிக்கும் முனையான ஹெட் அந்த முயற்சியிலேயே மேலும் தேய்ந்துபோகும். விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளை இன்னும் ஆபத்தானது; அது படிப்பதோடு நிற்காமல், கோப்பு அட்டவணையைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு அதே டிஸ்க்கில் எழுதவும் செய்யும்.

டிடிரெஸ்கியூவின் போக்கு இதற்கு நேர்மாறானது. அது கோப்புகளைத் தேடுவதே இல்லை. டிஸ்க் முழுவதையும், உள்ளே இருப்பது படமா பத்திரமா என்ற கவலையே இல்லாமல், வேறொரு நல்ல டிஸ்க்கில் ஒற்றைக் கோப்பாக நகலெடுக்கிறது. நகலெடுக்கும்போது எளிதாகப் படிக்கக் கிடைப்பதையெல்லாம் முதலில் எடுத்துக்கொள்கிறது. தடங்கல் வந்த இடத்தில் மல்லுக்கட்டாமல் தாண்டிக் குதித்து மேலே செல்கிறது. முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் சென்று, தாண்டிவிட்ட பகுதிகளின் ஓரங்களைச் செதுக்கிச் செதுக்கிச் சுருக்குகிறது. கடைசியில்தான், எஞ்சிய கெட்ட பகுதிகளுக்குள் நுழைந்து ஒவ்வொரு செக்டராகச் சுரண்டி எடுக்கிறது. டிஸ்க் பாதியில் செத்துப்போனாலும், அதற்குள் எடுக்கக்கூடியதில் பெரும்பகுதி நம் கையில் இருக்கும்.

கட்டளையைக் கொடுப்பதற்கு முன் டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தேன். இது மிக முக்கியம் என்றாலும் பெரிய வித்தை அல்ல. காதருகே வைத்துக் கேட்டால் சீராகச் சுற்றும் ஓசை வந்தது. டிக் டிக் என்ற ஓசை இல்லை. சிறிய டிஸ்க்குகளில் அந்த டிக் ஓசை வந்தாலும் உடனே நம்பிக்கையை விட்டுவிட வேண்டியதில்லை. யூஎஸ்பி 2 துளை தருவது 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3 தருவது 900. சுழலத் தொடங்கும் நொடியில் சில டிஸ்க்குகள் ஓர் ஆம்பியர் வரை கேட்கும். மின்சாரம் போதாமலும் அந்த ஓசை எழலாம் என்பதால், கேபிளையும் துளையையும் மாற்றிப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். அப்படி மாற்றிய பிறகும் ஓசை நிற்கவில்லையென்றால், அது ஹெட் பழுது; வீட்டு வைத்தியம் அங்கே முடிந்துவிடுகிறது. அடுத்து, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் குறிப்பைப் படித்தேன். 197 என்ற எண்ணுள்ள வரி, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் கணக்கு. 5 என்ற வரி, ஏற்கெனவே மாற்றிவைக்கப்பட்டவற்றின் கணக்கு. 197இல் நூற்றுக்கணக்கில் இருந்தது. தட்டில் காயம் இருக்கிறது, ஹெட் உயிரோடு இருக்கிறது என்று அதிலிருந்து புரிந்துகொண்டேன். இத்தகைய டிஸ்க்கே டிடிரெஸ்கியூவுக்கு ஏற்ற நோயாளி.

ஒரு டெராபைட் நகலுக்கும், பிறகு அதிலிருந்து பிரித்தெடுக்கும் கோப்புகளுக்கும் சேர்த்து, இரண்டு டெராபைட் புதிய டிஸ்க் ஒன்று வாங்கினேன். மொத்தச் செலவில் பெரும்பங்கு இதற்குத்தான். புதிய டிஸ்க் ஃபேட்32 முறையில் இருந்தால் நான்கு கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது என்பதால், அதை முதலில் லினக்ஸுக்குரிய முறையில் ஃபார்மட் செய்ய வேண்டியிருந்தது. கட்டளையில் முதலில் வருவது பழைய டிஸ்க், அடுத்தது நகல் கோப்பு, மூன்றாவது வரைபடக் கோப்பு. முதலிரண்டையும் இடம் மாற்றிவிட்டால் விபரீதம். ஆனால் இங்கே ஒரு நல்ல பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள்: எழுத வேண்டிய இடம் கோப்பாக இல்லாமல் ஒரு முழு டிஸ்க்காக இருந்தால், வற்புறுத்தும் விருப்பத்தைத் தனியாகச் சேர்க்காதவரை டிடிரெஸ்கியூ எழுத மறுத்துவிடும். ஆகவே வீட்டில் செய்பவர்கள் டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு நேரே நகலெடுக்காமல், கோப்பாகவே எடுப்பது நல்லது. உபுண்டு போன்றவை செருகிய டிஸ்க்கைத் தாமாகவே திறக்கப் பார்க்கும். அந்த வசதியையும் முன்கூட்டியே நிறுத்திவைக்க வேண்டும்.

மூன்றாவதாகச் சொன்ன வரைபடக் கோப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மென்பொருளுக்கு நான் தரும் மதிப்பில் பாதி அதற்கே உரியது. டிஸ்க்கின் எந்தப் பகுதி படிக்கப்பட்டது, எது தாண்டப்பட்டது, எது கெட்டது என்பதை டிடிரெஸ்கியூ அவ்வப்போது ஒரு சிறிய எழுத்துக் கோப்பில் குறித்துக்கொண்டே போகிறது. நம் ஊரில் சித்திரை மாதத்து மின்வெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முதல் இரவில் இரண்டு முறை மின்சாரம் போயிற்று. இன்வெர்ட்டர் இருந்தும் இரண்டாவது முறை கணினி அணைந்துவிட்டது. காலையில் அதே கட்டளையை அப்படியே மீண்டும் கொடுத்தபோது, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. படித்த பகுதியை மறுபடி தொடவில்லை. அந்தக் கோப்பை வண்ணப் படமாகக் காட்டும் டிடிரெஸ்கியூவியூ என்னும் துணை மென்பொருளும் இருக்கிறது. படித்த பகுதி பச்சை, கெட்டது சிவப்பு, தொடாதது சாம்பல் நிறம். இரண்டாம் நாள் மாலை ஆச்சி வந்து பார்த்துவிட்டு, "பச்சை நல்லதா அப்பா?" என்று கேட்டார்கள். நல்லது என்றதும், அதற்குப் பிறகு காபி கொண்டுவரும்போதெல்லாம் பச்சையைத்தான் பார்த்தார்கள்.

வெப்பம் இன்னொரு தொல்லை. வேலை செய்யும்போது டிஸ்க் தாங்கக்கூடிய வெப்பம் பொதுவாக 60 டிகிரி செல்சியஸ் வரை என்று குறிப்பிடுவார்கள்; மேசைமேல் வைத்திருந்தபோது ஸ்மார்ட் குறிப்பு 54 காட்டியது. கடைசியில் அதை வீட்டின் இரண்டாம் கட்டில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின்மேல் படுக்கையாக வைத்து, அருகே மேசைவிசிறியை ஓடவிட்டேன். பத்து டிகிரிக்கு மேல் இறங்கியது. பிளாஸ்டிக் கூட்டிலிருந்து வெளியே எடுத்து வைத்ததும் உதவியிருக்கும்.

நல்ல நிலையில் உள்ள டிஸ்க்காக இருந்தால், நொடிக்கு நூறு மெகாபைட் வேகத்தில் ஒரு டெராபைட்டை மூன்று மணி நேரத்துக்குள் படித்துவிடலாம். எனக்கு மூன்று பகலும் மூன்று இரவும் ஆயின. சுரண்டும் வேலையை விட்டுவிட்டு முதல் சுற்றை மட்டும் முடிக்கும் விருப்பத்தைக் கொடுத்திருந்ததால், பெரும்பகுதி முதல் நாளிலேயே வந்துவிட்டது. எஞ்சிய நேரமெல்லாம் மிகச் சிறிய பகுதிகளுக்காகப் போனது. திரையில் காட்டும் எஞ்சிய நேரக் கணக்கை நம்ப வேண்டாம். காலையில் நான்கு மணி நேரம் என்று சொல்லும், மாலையில் பத்தொன்பது நாள் என்று சொல்லும். இறுதியில், மூன்று மறுமுயற்சிகளுக்குப் பிறகும் படிக்க முடியாமல் போனது முழு டிஸ்க்கில் சில மெகாபைட்தான்.

அந்தச் சில மெகாபைட் எந்தக் கோப்புகளுக்குள் விழுந்தது என்று தெரியாவிட்டால் நிம்மதி ஏது? இதற்கு டிடிரெஸ்கியூவில் ஒரு நுட்பமான வசதி இருக்கிறது. வழிகாட்டி நூலைக் கடைசிவரை படிப்பவர்களுக்கே அது கண்ணில் படும். நகல் கோப்பில், படிக்க முடியாமல்போன இடங்களை மட்டும் நாம் விரும்பும் ஒரு சொல்லால் நிரப்பச் சொல்லலாம். வேறு எங்கும் வர வாய்ப்பில்லாத ஒரு சொல்லைக் கொடுத்து நிரப்பிவிட்டு, பிறகு நகலைப் படிக்க மட்டும் அனுமதியோடு திறந்து, அந்தச் சொல் எந்தக் கோப்புகளில் இருக்கிறது என்று தேடினேன். பதினான்கு கோப்புகள் வந்தன. எது நல்லது, எது கெட்டது என்று ஆயிரக்கணக்கான ஸ்கேன்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டிய வேலை அத்துடன் தீர்ந்தது. நிரப்பும் வேலை நகலில்தான் நடக்கிறது. பழைய டிஸ்க்கில் எதுவும் எழுதப்படுவதில்லை.

கோப்பு அட்டவணை சிதைந்து, நகலே திறக்காத நிலையில் இருப்பவர்களுக்குக் கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் ஆகிய இரண்டும் உதவும், அவையும் இலவசமே. நான் ஃபோட்டோரெக்கை ஒரு சோதனைக்காக ஓடவிட்டுப் பார்த்தேன். கோப்பு அட்டவணையைப் பார்க்காமல், ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் உரிய தொடக்க அடையாளத்தைத் தேடி எடுப்பதால், அழித்த படங்கள்கூட வருகின்றன. ஆனால் பெயர்களும் ஃபோல்டர்களும் வருவதில்லை. எல்லாம் வெறும் எண்களாக வந்து குவிகின்றன. எந்த இசைகுடிமானம் யாருடையது என்று பெயரால் வகைப்படுத்தி வைத்த எங்களைப் போன்றவர்களுக்கு அது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும்.

இனி அண்ணனின் மூன்று டெராபைட் டிஸ்க். உயிரற்றுக் கிடந்த அதைப் பெட்டியிலிருந்து கழற்றி, சர்க்யூட் போர்டைப் பார்த்தேன். மின்சாரம் நுழையும் இடத்தில் 5 வோல்ட்டுக்கு ஒன்றும் 12 வோல்ட்டுக்கு ஒன்றுமாக இரண்டு பாதுகாப்பு டயோடுகள் இருந்தன. அளவுக்கு மீறிய வோல்ட்டேஜ் வந்தால் தாம் ஷார்ட் ஆகி, மற்றப் பாகங்களைக் காப்பாற்றுவதே அவற்றின் வேலை. மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது 12 வோல்ட் டயோடு முழு ஷார்ட்டாகி இருந்தது. மற்றது நன்றாக இருந்தது. அந்த டயோடை நீக்கிவிட்டால் டிஸ்க் ஓடும். பாதுகாப்பு இல்லாமல் ஓடும் என்பதால், தரவை எடுக்கும் வரை மட்டும், நம்பகமான மின்சாரத்தில் ஓட்ட வேண்டும். சால்டரிங் அயர்ன் பிடிப்பதில் எனக்குக் கை நடுக்கம் உண்டு. ஆகவே டிவி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். இரண்டே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். தனி 12 வோல்ட் அடாப்டரோடு வரும் சாட்டா-யூஎஸ்பி மாற்றியில் பொருத்தியதும் டிஸ்க் சுழன்றது.

சுழன்றது, ஆனால் கோப்புகள் தெரியவில்லை. டிஸ்க் காலியாக இருப்பதாகவே கணினி சொன்னது. அண்ணனின் முகம் வாடிவிட்டது. இரண்டு டெராபைட்டுக்கு மேற்பட்ட வெளிப்புற டிஸ்க்குகள் சிலவற்றில், பெட்டிக்குள் இருக்கும் சிறிய போர்டு, 512 பைட் செக்டர்களை எட்டு எட்டாகச் சேர்த்து 4096 பைட் செக்டராகக் கணினிக்குக் காட்டும். பெட்டியை விட்டு வெளியே எடுத்தால் கணக்கு மாறிவிடும். கோப்புகள் இருக்கும் பிரிவான பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தை, உண்மையான தூரத்தில் எட்டில் ஒரு பங்கிலேயே கணினி தேடிக்கொண்டு நிற்கும். தரவுக்கு எந்தச் சேதமும் இல்லை. வாய்பாடு மட்டும்தான் பிசகு. இந்த நிலையில் ஃபார்மட் செய்துவிட்டவர்கள் எத்தனை பேரோ! டிடிரெஸ்கியூவால் முழு நகலெடுத்து, அந்த நகலை 4096 பைட் செக்டர் என்று சொல்லி லினக்ஸில் லூப் சாதனமாக, அதாவது கோப்பையே ஒரு டிஸ்க்கைப்போலக் காட்டும் முறையில், இணைத்தபோது, எல்லா ஃபோல்டர்களும் அப்படியே வந்து நின்றன. தட்டில் பழுது இல்லாததால் இந்த நகல் ஒரே இரவில் முடிந்தது. டிடிரெஸ்கியூவுக்கு இங்கே சோதனையே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

டயோடு கதையைப் படித்துவிட்டு, கருகிய போர்டுக்குப் பதிலாக அதே மாடலின் வேறு போர்டை வாங்கி மாட்டிவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்தந்த டிஸ்க்கின் ஹெட்டுக்கும் தட்டுக்கும் தனித்தனியாக அளந்து வைத்த அளவுகள், பெரும்பாலான மாடல்களில் போர்டிலுள்ள எட்டுக் கால் ரோம் சிப்பில் பதிந்திருக்கும். அந்தச் சிப்பையும் எடுத்து மாற்றிப் பொருத்தாமல் புதிய போர்டு வேலை செய்யாது. சில வெளிப்புற டிஸ்க்குகளில் தரவு பூட்டப்பட்டு, சாவி போர்டிலேயே இருக்கும். அவற்றில் பெட்டியின் போர்டையும் தூக்கியெறியக்கூடாது.

மூடியைத் திறப்பது பற்றியும், ஃப்ரீஸரில் வைப்பது பற்றியும் என்னிடம் ஆலோசனை சொன்னவர்கள் குறைந்தது ஐந்து பேர். ஹெட் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். முட்டைப்பூச்சுச் சுவரைப்போல முகம் பார்க்கும் வழவழப்பில் இருக்கும் அந்தத் தட்டின்மேல், நம் ஊர்ச் செம்மண் புழுதியின் ஒரு துகள் விழுந்தாலே போதும். ஃப்ரீஸரிலிருந்து எடுத்த டிஸ்க்கை இந்த வெயிலில் வைத்தால், குளிர்ந்த தண்ணீர்ச் செம்பின்மேல் முத்து முத்தாக வியர்ப்பதைப்போல் தட்டின்மேலும் நீர் படியும். டிஸ்க்கில் காற்று போய்வருவதற்கென வடிகட்டியோடு ஒரு துளை இருக்கிறது என்பதைப் பலரும் அறிவதில்லை. ஹெட் பழுதென்றால், தூசியற்ற அறை வைத்திருக்கும் ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். செலவு பல ஆயிரங்களில் தொடங்கும். அப்படி அனுப்ப நினைப்பவர்கள் அதற்குமுன் டிஸ்க்கை ஓட்டவே வேண்டாம்.

டிடிரெஸ்கியூவின் குறைகளையும் சொல்ல வேண்டும். கட்டளை மொழி தெரியாதவர்களிடம் இதைத் தனியாகக் கொடுக்க எனக்கு மனம் வராது. பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். வழிகாட்டி நூல் நல்ல நூல்தான், ஆனால் பதற்றத்தில் இருப்பவருக்காக எழுதப்பட்டதல்ல. சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டியில் அழித்த கோப்புகளை மீட்க இது உதவாது. அழித்த கோப்புகளின் இடத்தைக் காலியாக்கிவிடச் சொல்லும் ட்ரிம் கட்டளை ஓடிவிட்டால் எந்த மென்பொருளும் உதவாது. மற்றபடி, காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களில் நான் பார்த்த எதுவும், நோயாளியை இவ்வளவு மென்மையாகத் தொடவில்லை. முதல் நாளே, கடைக்குப் போகாமல், இதைத் தொடங்கியிருந்தால் அந்தச் சில மெகாபைட்டும் மிஞ்சியிருக்கக்கூடும்.

பதினான்கு கோப்புகளில் பன்னிரண்டு, மணிவிழாவின்போது ஒரே காட்சியைப் பல முறை எடுத்த படங்கள்; இழப்பில்லை. எஞ்சிய இரண்டும் பேரேட்டுப் பக்கங்கள். மூன்றாம் கட்டு அலமாரியில் மூலப் பேரேட்டைத் தேடி எடுத்து, அந்த இரண்டு பக்கங்களையும் மறுபடி ஸ்கேன் செய்தோம். ஒன்றில் கறையான் அரித்த ஓரம் முன்பைவிட ஒரு விரற்கடை கூடியிருந்தது.